கச்சான் கணக்கு

வியாழன் பின்னேரமே எனக்குத் தெரியவேணும்
வெள்ளிக்கிழமைப் படம் ஓடுமா ஓடாதா எண்டு.
பேப்பர்க்காரருக்கு ஞாயிறு ராவரைக்கும் தவணை.
எனக்குத் தாச்சி மணல் சூடேறும் வரைக்கும்தான்.

நாலு கிலோவா, பத்தா?
மிஞ்சினால் நமத்துப் போகும்.
குறைஞ்சால் இடைவேளையில
வெறும் மணலைக் கிண்டிக்கொண்டு நிக்கவேணும்.

ஓட்டோ நிக்கிற இடத்தில பந்தயம் நடக்கும்.
புவிராசா கட்அவுட்டின்ர உயரத்தை அளப்பான்.
ஏறாவூர் நளீம் நானா போனைத் தேய்ச்சுத் தேய்ச்சு
சென்னையில முதல் நாள் எத்தினை கோடி எண்டு வாசிப்பார்.
டிக்கட் குடுக்கிற டிலுக்சன் வாயே திறக்கமாட்டான்;
ஆனால் அவன் சேர்ட்டை உள்ளுக்கு விட்டுக்கொண்டு வந்தால்
முதலாளி வாறார், பெரிய படம்.

நான் சுவரைக் கேப்பன்.
ஒன்பது வருசத்தில ஒரு படமும் முழுசாய்ப் பாத்ததில்ல.
முதுகைச் சாய்ச்சால் போதும்,
வெட்டு எப்ப, பாட்டு எப்ப,
சனம் எந்த இடத்தில இருமத் தொடங்குது எண்டு வரும்.
இருமல் கூடினால் படம் முடிஞ்சுது,
திரையில இன்னும் ஒரு மணித்தியாலம் கிடந்தாலும்.

ஆடி மாசம், கச்சான் காத்து.
எங்கட ஊரில காத்துக்கும் கடலைக்கும் ஒரே பேர்.
ஒண்டு வறுக்கும், மற்றது வறுபடும்.
வாவிப் பக்கமிருந்து ஒரு இலையும் ஆடாத மத்தியானம்
மூண்டு மணிக் காட்சிக்கு நூற்றிநாப்பது பேர்.
"பாத்தியா யோகவதி, பிடிச்சிற்று" எண்டார் நானா.
அது ஏசிக்கு வந்த சனம் நானா.
படம் காத்தாடி மாதிரி, இலவசம்.

அதே வெள்ளி
மேல் மாடிச் சின்ன ஹோலில இன்னொண்டு.
ஆரெண்டு தெரியாத நடிகை,
போஸ்டரில ஒரு வெறும் கதிரை.
"கதிரையைப் பாக்கக் கதிரைக்குக் காசா?"
புவிராசா சிரிச்ச சிரிப்பில ஓட்டோ குலுங்கினது.
நானும் சிரிச்சன். பத்துக் கிலோ வறுத்தன்,
எல்லாம் கீழ் ஹோலை நம்பி.

கீழ் ஹோல் இடைவேளைக்கு வெடிச்சுக் கொட்டினது சனம்.
சுண்டு சுண்டாய் அள்ளினன்,
பேப்பர்ச் சுருள் முடிஞ்சு
ஒருத்தர் தொப்பியை நீட்டினார்.
"படம் எப்பிடித் தம்பி?"
"இன்னும் ரெண்டு தாங்கோ அக்கா."

மேல் ஹோல் கதவும் திறந்தது.
வெளிச்சம் வந்தது.
ஆள் வரல்ல.
கூடையோட படியேறி எட்டிப் பாத்தன்.
பதினொரு பேர்.
லைட் எரியுது, திரையில ஒண்டும் இல்ல,
பதினொரு பேரும் அதையே பாத்துக்கொண்டு.
கூவ வாய் எடுத்தனான்,
கூவல்ல.

அண்டு ராவே பந்தயம் மாத்தினன்,
ஐநூறு ரூபா, கதிரைப் படத்துக்கு.
"வெயில் அடிச்சிற்று கா உனக்கு" எண்டான் புவிராசா.

திங்கள் காலமை நானா வாசிச்சார்,
மூண்டு நாளில உலகம் முழுக்க எழுபத்திரெண்டு கோடி.
"ஒரு கோடிக்கு எத்தினை சுண்டு நானா?"
அவர் உண்மையாவே கணக்குப் பாக்கத் தொடங்கி
ஒரு சவாரியைத் தவறவிட்டார்.

அந்தப் பதினொரு பேரும் ஆரிட்டச் சொன்னாங்களோ,
செவ்வாய் முப்பத்தாறு.
புதன் ஆஸ்பத்திரி மிஸ்மார் ஒரு வான் பிடிச்சு வந்தாங்க.
வியாழன் டிலுக்சன் ஏணி வைச்சு
கட்அவுட்டைக் கழட்டினான், முதலில தலையை.
கதிரைப் படம் கீழ் ஹோலுக்கு இறங்கினது,
சேர்ட்டும் உள்ளுக்குப் போனது.

ஐநூறு என்ர கையில.
மறுகா ரெண்டு கிழமை ஹோல் நிறைஞ்ச சனம்,
இடைவேளையில ஒரு குருவி வெளியில வரல்ல.
பத்துக் கிலோ ஐஞ்சாகி, ஐஞ்சு ரெண்டாகி,
மிஞ்சினதை நானும் புவிராசாவும்
பகையில்லாமல் கொறிச்சம்.
நல்ல படம் எண்டு எல்லாரும் சொல்றாங்க.
இருக்கும். நான் அதையும் பாக்கல்ல.

இண்டைக்கு வியாழன்.
புதுப் போஸ்டர் ஒட்டியாச்சு.
புகைக்குள்ள நாயகன், ரெண்டு கையிலயும் கத்தி,
பின்னால எரியிற ஹெலிகொப்டர்,
இருநூறு கோடிச் செலவாம்.

"இந்தக் கிழமை எப்பிடி அக்கா?" டிலுக்சன் கேட்டான்.
கனநேரம் பாத்தன்.
சுவரைக் கேக்கத் தேவையில்ல.

பன்னிரண்டு கிலோ
நனைச்சு வைச்சிற்று வந்தன், உப்புக் கொஞ்சம் கூட.