அரை மணி நேரம்

"புது நேரமா, பழைய நேரமா?"
யோகமலர் அக்கா என்னைப் பார்த்து விழித்தாள்.

தலவாக்கலை ஸ்டேஷனுக்கு மேலே
பதினாறு படி ஏறினால் எங்கள் கடை.
போட்டோக்கொப்பி, ரீலோட், ஜாதகம்.
ஜாதகம் முந்நூற்றைம்பது ரூபாய்.
பொருத்தமும் பார்த்தால் நூறு கூட.

மகள் துஷாந்தினி.
தொண்ணூற்றெட்டு, ஆடி அஞ்சு.
தோட்டத்து ஆஸ்பத்திரிச் சுவரில் ஆறு இருபது, அந்திப்பொழுது.
அதுவரைக்கும் தெளிவு.
ஆனால் அந்த வருஷங்களில்
நாட்டின் கடிகாரத்தை அரசாங்கம்
அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தது.
தள்ளாத கடிகாரங்களும் இருந்தன.
டிஸ்பென்சர் ஐயா தள்ளினாரா?
"அது யாருக்குத் தெரியும் புள்ள.
நான் கூரையப் பாத்துக்கிட்டு கெடந்தேன்."

பழைய நேரம் என்று அடித்தேன்.
மகர லக்னம்.
அதை ஒன்றென்று வைத்து வலமாக எண்ணினால்
உடம்பு, பிறகு வாய்ச்சொல்லும் சட்டிச்சோறும்,
பிறகு கூடப்பிறந்தவர்கள்,
நான்காவது
வீடு, மண், அம்மா.
அந்த நான்கில் சனி, நீசமாகி,
ஒழுகும் தகரத்துக்குக் கீழே
வாளியோடு உட்கார்ந்திருக்கிறான்.
வீட்டுக்காரன் செவ்வாயோ
ஆறாம் வீட்டில், கடன்காரர்களோடு.

புது நேரம் என்று மாற்றி அடித்தேன்.
ஒரு கிரகமும் அசையவில்லை.
சனி அதே மேஷத்தில், செவ்வாய் அதே மிதுனத்தில்.
எண்ணத் தொடங்கும் வாசல் மட்டும்
ஒரு கட்டம் பின்னே போய்த் தனுசாயிற்று.
அவ்வளவுதான்.
நான்காம் வீடு இப்போது மீனம்.
உள்ளே குரு, சொந்த வீட்டில்,
சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு.

"இது ஏன் வெறுங்கட்டம்? ஆளில்லையா?"
"ஆள் இல்லாட்டியும் வீடு வீடுதான் அக்கா.
சொந்தக்காரர் வேற கட்டத்துல இருப்பார்.
அங்க இருந்தே பலன் அனுப்புவார்."
"எங்க லயத்துக்கும் அப்படித்தான்.
சொந்தக்காரன் கொழும்புல."
சிரித்தாள்.
"பலன்தான் இன்னும் வந்து சேரல."

பன்னிரண்டாவது என்ன என்று கேட்டாள்.
செலவு என்றேன். தூரதேசம் என்றேன்.
மோட்சமும் அங்கேதான்,
தமிழில் அதற்கும் வீடு என்றே பெயர்.
ஏழு பேர்ச்சஸ் காணிக்கு
மூன்று தடவை கையெழுத்து வைத்துவிட்டு வந்தவளிடம்
அதைச் சொல்லவில்லை.

திடீரென்று அவள் முகம் மலர்ந்தது.
"கோச்சி ஊதுச்சு! தலை தெரியிறப்போ
கீழ கோச்சி ஊதுச்சு!"
நான் பழைய நேர அட்டவணையைத் தேட
இணையத்தில் கை வைத்தும்விட்டேன்.
பிறகு இரண்டு பேருக்கும்
ஒன்றாகவே நினைவு வந்தது,
எங்கள் கோச்சி
புது நேரத்துக்கும் வந்ததில்லை,
பழைய நேரத்துக்கும் வந்ததில்லை.

இரண்டையும் அச்சடித்தேன்.
இரண்டிலும் நடுவே, எந்தக் கிரகமும் குடியிராத
அந்தப் பெரிய வெற்றிடத்தில்
கடையின் தொலைபேசி எண்.
டியூப் லைட்டுக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் விரித்து
நெடுநேரம் பார்த்தாள்,
கொழுந்துக் கறை ஏறிய விரல்
கட்டம் கட்டமாக நடந்தது.
"இதுல நான் எங்க இருக்கேன்?"
"ரெண்டுலயும் நாலுல."

நோர்வூட் மாப்பிள்ளை வீட்டார் நாளைக்கு வருகிறார்கள்.
"அவங்களுக்குக் குரு இருக்கிறதக் குடு, உறையில போட்டு.
மத்தத எனக்கு மடிச்சுத் தா."
"அது எதுக்கு அக்கா?"
"சனி எனக்குப் பழக்கம்தானே."

சம்பளத் துண்டு வைக்கும் பையில்
அதையும் வைத்தாள்.
ஒன்றுக்குத்தான் காசு வாங்கினேன்.

படியிறங்கும்போது நின்று
நேரம் கேட்டாள்.
சொன்னேன்.
எங்கள் கடைக் கடிகாரம் ஐந்து நிமிடம் முன்னே ஓடும்,
கடைசி பஸ்ஸைத் தவறவிடாமலிருக்க
நாங்களே தள்ளி வைத்தது.