ஏழாம் இலக்க நிலவறை

சாவி மூன்று தந்தார் வீட்டுக்காரர் லோயர்.
வாசலுக்கு ஒன்று, தபால்பெட்டிக்கு ஒன்று,
மூன்றாவது கீழே நிலவறைக்கு என்றார்.
மூன்றாவதை மேசையில் விட்டுவிட்டு
எழுந்துவிட்டார் இவர்.
பாதிப் படியில் ஓடிவந்து கையில் திணித்தார் லோயர்:
வாடகையில் அதுவும் சேர்த்திதானே.

ஊரின் பெயர் ஜெர்மன் எழுத்தில் எப்படியோ,
வாயில் வரும்போது மாயன்.
வெள்ளத்தில் ஆலிலையில் படுத்துக் கிடந்தவன் என்றார் இவர்,
எங்களுக்கு அந்த இலைகூடக் கிடைக்கேல்லை.
நான்கு மாதத்தில் முதல் பகிடி.
நான் சிரிக்கப் பிந்திவிட்டேன்.

மூன்றாம் மாடி. ஐம்பத்திரண்டு படி.
எண்ணியவன் ஆரூரன்.
படிக்குப் பதினேழு சென்டிமீட்டர் என்று பெருக்கி
எட்டு மீட்டர் எண்பத்துநான்கு,
ஆறு இங்கை வராது என்று அறிவித்தான்.
பிறகு, சப்பாத்தைக் கழற்றியபடி,
"அங்கையும் வராது எண்டுதானே சொன்னனீங்கள்."

கட்டில் யாரோ இறந்துபோனவருடையது.
துவாய்களில் எச்.பி. என்று நீல நூலால் தைத்திருக்கிறது.
அந்த எச்.பி.யால் முகம் துடைக்கிறோம்.
நன்றாகவே ஈரம் உறிஞ்சுகிறது.

காப்புறுதிப் படிவம் பதினொரு பக்கம்.
பொருள், எண்ணிக்கை, வாங்கிய ஆண்டு, விலை.
சோற்றுக் குக்கர் ஒன்று. தையல் மெஷின் ஒன்று.
பாரை மீன், துண்டாக்கியது, ஆறு கிலோ.
ஒரு கை மட்டும் பின்னி முடித்த ஸ்வெட்டர்
என்று எழுதிவிட்டு
விலைக் கட்டத்தில் நின்றுபோனேன்.
ஒற்றைக் கைக்கு என்ன கேட்பது?

அந்த மீனுக்காகத்தான் இவர் கீழே இறங்கினார்,
மின்சாரம் போன கையோடு,
ஃப்ரீசரைப் படியேற்றிவிடலாம் என்று.
கதவைத் தண்ணீர் சாத்தியது.
இடிக்க இடிக்கத் திறக்கவில்லை,
அந்தப் பக்கம் ஊரே சாய்ந்து நிற்பதுபோல.
தோட்டத்து மேட்டில், காற்றுக்கு வைத்த ஜன்னல்,
இரண்டு தோசைக்கல் அகலம்.
அதன் வழியே தோளைச் சரித்து
இழுத்தெடுத்தோம், நானும் பக்கத்து வீட்டுப் பையனும்.
இடது காதில் தழும்பு.
அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

மிதுஷாவுக்குச் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி.
பிரித்து எழுதுக.
நிலவறை: நிலவு, அறை
என்று எழுதிப் பிழை வாங்கிவந்தாள்.
சிவப்புக் கோட்டை வெகுநேரம்
பார்த்துக்கொண்டிருந்தார் இவர்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
ஆணியில் தொங்கிய மூன்றாவது சாவியை எடுத்துக்கொண்டு
தனியே இறங்கிப்போனாள்.
நான் ஒவ்வொரு படியாகக் கேட்டேன், அது ஓயும்வரை.
திரும்பிவந்து சொன்னாள்:
ஒரு பல்ப். ஆரோ விட்டிட்டுப் போன பனிச்சறுக்கு வண்டி.
காய்ஞ்சுபோய்க் கிடக்கு, அப்பா.

அடுத்த ஞாயிறு, சத்தம் போடக்கூடாத நாள்,
திருப்புளியோடு இறங்கினார் இவர்.
சத்தமில்லாமல் கீலைக் கழற்றி
கதவைத் தலையில் சுமந்து
ஐம்பத்திரண்டும் அதற்குக் கீழே பதினாறும் ஏறிவந்து
எங்கள் கட்டிலுக்கடியில் தள்ளினார்.
ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.
கால் இடறுகிறது. நான் பேசாமல் இருக்கிறேன்.

இப்போது ஏழாம் இலக்கத்துக்குக் கதவில்லை.
எங்கள் வெங்காயச் சாக்கும்
இரண்டாம் மாடி யானிக்கின் பனிக்கால டயர் நான்கும்
திறந்தபடி இருக்கின்றன. ஒருவரும் எடுக்கவில்லை.
இவர் போய் வெங்காயம் எடுத்துவருகிறார்,
ஒரு முறைக்கு இரண்டு.
மறுபடி போகலாம் என்பதற்காக இருக்கலாம்.
லோயர் கடிதம் போட்டிருக்கிறார்:
மதிப்புக்குரிய திரு. கனகேஸ்வரன்,
கதவை உடனடியாகப் பழைய இடத்தில் மாட்டவும்.
குளிர்பெட்டியில், காந்தத்தின் கீழ், பதிலில்லாமல் தொங்குகிறது.

இரவு பத்துக்கு மேல்வீட்டு வாஷிங் மெஷின்
தண்ணீரைக் கொட்டும்.
சுவருக்குள் அது இறங்கிப் போகையில்
ஆரூரன் கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டுத்
தரையைத் தொட்டுப் பார்ப்பான்.
நானும்தான். அவனுக்குச் சொன்னதில்லை.

இப்போது என் விரலில் தட்டுப்படுவது மரம்.
கரடு. ஒரு கீல் இருந்த ஓட்டை.
விரலை அதில் வைத்தபடி
தூங்கிப்போகிறேன்.