ஓடாத வண்டியின் ஓட்டுநர்

எஞ்சின் ஓடும், வண்டி ஓடாது.
அதுதான் என் வேலை.
வோலக்தாவில் மரம் ஏற்றிக்கொண்டு
நாளுக்கு நூறு கிலோமீட்டர் போனவன்
லதோகா ஏரிக்கரையில், பைன் மரங்களுக்கு நடுவே,
நான்கு மாதமாக ஒரு சாண் நகரவில்லை.

மூன்று வண்டிகள் எங்களுக்கு.
மின்சாரம் தருவது என்னுடையது.
நடுவில் நிற்பதன் கூண்டு மட்டும் சுழலும்,
தலையில் இரும்புச் சீப்பைச் செருகிக்கொண்டு,
ஒரு சுற்று வலம், ஒரு சுற்று இடம்.
உள்ளே முக்காலியில் கபிதோலினா.
அவளும் சேர்ந்து சுழல்வாள்.
முறை முடிந்து இறங்கும்போது
ஏணியின் கடைசிப் படியைப் பிடித்தபடி
பூமி நிற்கட்டும் என்று காத்திருப்பாள்.

போருக்கு முன் நூற்பாலையில் இருந்தவள்.
இருநூறு கதிர்கள் சுழலும்போது
இழை எங்கே அறுந்தது என்று
திரும்பாமலே சொல்வாளாம்.
இப்போது அவள் முன்னே ஒரே இழை,
கண்ணாடியில், வெளிச்சத்தால் ஆனது.
அதில் பல் முளைத்தால் விமானம்.

நான் அந்தக் கண்ணாடியைப் பார்த்ததில்லை.
அனுமதி இல்லை.
நான் பார்ப்பது என் பலகையில் நடுங்கும் முள்ளை.
முள் அசைந்தால் அவள் இழை துடிக்கும்.
முள் விழுந்தால் அவள் குருடு.

ஏரியின் உறைந்த முதுகில்
இரவெல்லாம் மாவு லாரிகள் போகும்.
கதவைத் திறந்தே வைத்து ஓட்டுவார்கள்,
பனிக்கட்டி பிளந்தால் குதிக்க.
அவற்றின் விளக்குகளை எண்ணுவேன்.
பொறாமை என்று சொன்னால் தப்பில்லை.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி
பெட்ரோலில் கலந்திருந்த தண்ணீர்
குழாயில் கல்லாயிற்று.
எஞ்சின் ஒருமுறை இருமியது.
நின்றது.

கையுறையைக் கழற்றி வெறும் கையால் குழாயைப் பிடித்தேன்.
தோல் அதிலேயே தங்கிவிட்டது.
வாய் வைத்து ஊதினேன்:
பெட்ரோல், கெட்ட வார்த்தை, அம்மா, கெட்ட வார்த்தை.

"2:17 முதல் 2:21 வரை மின்சாரம் இல்லை"
என்று லெப்டினன்ட் ஷெகோலெவ் குறிப்பேட்டில் எழுதினார்.
என் பெயரை எழுதவில்லை.

இழை திரும்பி வந்தபோது
பல் ஏற்கெனவே வளர்ந்திருந்தது.
அவள் தொலைபேசியில் கத்தியது
என் எஞ்சின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது:
"முப்பது! முப்பது கிலோமீட்டர்!"
ஏரிமேல் விளக்குகள் அணையத் தொடங்கின,
கரையிலிருந்து உள்நோக்கி, ஒவ்வொன்றாய்.
கடைசி மூன்று அணைந்தது
கட்டளையாலா குண்டாலா
இங்கிருந்து தெரியாது.

விடிந்ததும் என் கையில் துணி சுற்றினாள்.
கேட்டேன்.
"இழை சுத்தமாக இருக்கிறது" என்றாள்.
நான் கேட்டது ராத்திரியை.

அன்றிலிருந்து அவள் தலைத்துணியில்
வடிகட்டித்தான் பெட்ரோல் ஊற்றுகிறேன்.

மார்ச்சில் இடம் மாறச் சொன்னார்கள்.
கியர் போட்டேன்.
சக்கரங்களில் ஒட்டியிருந்த பனி உடைந்து
வண்டி நகர்ந்தது, நிஜமாகவே.
பக்கத்தில் இருந்தவள் என் தோளில் அறைந்தாள்:
"பாதையைப் பார், லுக்யான்!"
நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.