மூன்றாம் தடம்

பன்னிரண்டரைச் சுற்று.
அந்த அரையை முதலிலேயே தீர்த்துவிட வேண்டும் என்பதால்
தொடக்கம் எதிர்ப்பக்கம், குண்டு எறியும் வட்டத்துக்கு அருகே.
நான் யோசிக்கும் முன்பே
கால் அங்கே போய் நின்றுகொண்டது.

காலை ஏழரை. வோல்டாவில்
மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை.
இன்னும் விடவில்லை என்பார்கள்.
பள்ளி மைதானத்தின் சிவப்பு ரப்பர்மேல்
பச்சையாகப் பாசி.

பதினேழு வயதில் இதே தடத்தில்
மூவாயிரம் மீட்டர்: ஒன்பது நிமிடம் ஐம்பத்தெட்டு.
சுற்றுக்கு எண்பது விநாடி.
அந்தத் தாள் இன்னும் இருக்கிறது,
கார் காப்பீட்டுக் கோப்புக்குள். ஏன் அங்கே, தெரியாது.

பிறகு இருபத்துநான்கு வருடம்.
இரண்டு பிரசவம், ஒரு முழங்கால்,
மூன்று வருடம் சிகரெட்
(வீட்டுக் கணக்கில் இரண்டு),
ஃப்யோர்டைக் கடக்கும் படகில் வேலை:
கார்களைக் கைகாட்டி ஏற்றுவது.
இன்னும் முன்னே, இன்னும், இன்னும், நில்.

"ஐயாயிரம் ஓடிப் பார்" என்றாள் மாரித்,
முழங்காலைப் பார்த்துக்கொள்பவள்.
"மிச்சத்தை அட்டவணை சொல்லும்."
அட்டவணையில் இடப்பக்கம் இன்றைய நான்,
வலப்பக்கம் நான் ஆகக்கூடியது.
நடுவே பென்சில் கோடு ஒன்று,
அவளே ஸ்கேல் வைத்துப் போட்டது.

முதல் சுற்று ஒன்று ஐம்பத்தொன்று.
மடத்தனம். அது நான் இல்லை,
காப்பீட்டுக் கோப்பிலிருந்து தப்பி வந்தவள்.
இரண்டாவது, ஒன்று ஐம்பத்தேழு.
மூன்றாவது இரண்டு நிமிடம்.
நான்காவதில் அவள் என்னை விட்டுவிட்டுப் போனாள்,
மூச்சையும் எடுத்துக்கொண்டு.

ஐந்தாவதில் ஓட்வார் வந்தார்.
பள்ளிக் காவலாளி. பாசி சுரண்டும் இயந்திரம்.
முதல் இரண்டு தடத்தையும் அடைத்துக்கொண்டு
நத்தையாக ஊர்ந்தார், காதில் கவசம்.
கத்தினேன்.
வணக்கம் என்று நினைத்துக் கையை உயர்த்தினார்.

மூன்றாம் தடத்துக்கு ஒதுங்கினேன்.
வளைவில் ஒவ்வொரு தடமும்
ஏழரை மீட்டர் கூடக் கேட்கும்.
இரண்டு தடத்துக்குப் பதினைந்து.
எத்தனை சுற்று? ஐந்தா, ஆறா?
அவர் எப்போது நிறுத்திவிட்டுக்
காப்பி குடிக்கப் போனார்?
பார்த்திருக்க வேண்டும்.
அப்போது என் கண்ணில் இருந்தது உப்பு மட்டும்.

கடைசிச் சுற்று மட்டும் நினைவிருக்கிறது.
யாரும் துரத்தவில்லை.
ஒன்று நாற்பத்தொன்பது.

இருபத்துநான்கு நிமிடம் ஐம்பத்தொரு விநாடி.
குனிந்தபடியே விரலில் ஊசி குத்தினேன்,
மாரித் இரவல் கொடுத்த கருவிக்கு ஒரு துளி ரத்தம்.
பதினொன்று புள்ளி மூன்று என்றது.
மழைநீர் கலந்தால் எண் பொய் சொல்லும் என்றிருந்தாள்.
கலந்திருக்கும். இந்த ஊரில் எதில்தான் கலக்கவில்லை.

ஆக, கையில் இருப்பவை
கோணலான ஒரு நேரம், நீர்த்துப்போன ஒரு ரத்தம்.
அப்படியே எழுதினால்
மாரத்தானுக்கு மூன்று ஐம்பத்தெட்டு.
மூன்றாம் தடத்தைக் கழித்தால் மூன்று ஐம்பத்தைந்து.
அந்த மூன்று நிமிடத்தையும்
பாசியோடு சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டார் மனிதர்.

கவசத்தைக் கழற்றியபடி வந்தார்.
"என்ன செய்துகொண்டிருந்தாய், கூன்வோர்?"
"அளந்துகொண்டிருந்தேன்."
"நானூறு மீட்டர்" என்றார். "ரப்பர் போட்ட அன்றே
அளந்தாகிவிட்டது. நானும் கூட இருந்தேன்,
நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு."

சிரிக்க மூச்சு போதவில்லை.
எந்தக் கிழமை சுரண்ட மாட்டீர்கள் என்று கேட்டேன்.
மேகத்தைப் பார்த்தார், இயந்திரத்தைப் பார்த்தார்,
வியாழன் என்றார்.

வியாழன் விடிய விடியப் படகில் நிற்பேன்.
ஆறு மணிக்குக் கடைசி லாரியை இறக்கிவிட்டு
நேராக இங்கே வரலாம்.
ஷூ அதற்குள் காயாது.
பரவாயில்லை. ஈரமாகவே வரட்டும்.
முதல் சுற்றை மட்டும்
இரண்டு நிமிடத்தில் ஓட வேண்டும்.
முடிந்தால்.