ஐஸ் பெட்டியில் என்ன

முத்துக்கடையில் முதல் பஸ் ஏறினேன்.
மடியில் தெர்மோகோல் பெட்டி,
மூடியைச் சுற்றிப் பழுப்பு டேப்.
"இன்னாம்மா, மீனா?" என்றார் கண்டக்டர்.
"மருந்துங்க."
பொய்தான். முழுப் பொய்யா என்று
ஆஸ்பத்திரிக்கே இன்னும் தெரியவில்லை.

உள்ளே, சின்னக் கரண்டி வைத்த குப்பியில்
என் வீட்டுக்காரர் கன்னியப்பனின் இன்றைய விடியல்.
பேர் எழுதக் கூடாதாம்.
எண் முப்பத்தேழு.

பாலாற்றுப் பாலம்.
மணல், வேலிக்காத்தான், தூங்கும் ஒரு ஜேசிபி.
அடியில் தண்ணீர் ஓடுகிறதென்பார்கள்.
எங்கள் தெருவில் போர் போட்டபோது பார்த்தோம்,
மஞ்சளாக வந்தது.

இருபத்தாறு வருஷம்
பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டவர் அவர்.
லாரியிலிருந்து இறங்கிய ஆட்டுத்தோலை
அரைநாள் சும்மா விட்டால் போதும்,
மயிர் கையோடு வரும், விரல் பட்ட இடம் கொழகொழக்கும்.
"கண்ணுக்குத் தெரியாதவன் வந்துட்டான்" என்பார்.
அள்ளி அள்ளி வீசுவார்.
அந்தத் தெரியாதவனைக் கொன்றுதான்
எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது.

உள்ளங்காலில் கருப்பாக ஒரு புள்ளி வந்தபோது
ஷெட்டில் ஒட்டின கறை என்று
படிக்கல்லில் தேய்த்தோம்.
நானும் தேய்த்துவிட்டேன்.
நுரையீரலுக்குப் போன பிறகுதான்
அதற்கொரு பேர் இருப்பது தெரிந்தது.

ஆராய்ச்சிப் பிரிவு, இரண்டாம் மாடி.
நர்ஸ் பியூலா பெட்டியைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்:
"வெள்ளையணு வந்து கட்டியத் தொட்டுப் பாக்கும் அக்கா.
'நான் உங்க ஆள்தான்'னு கட்டி கைகுலுக்கும்.
அதுவும் நம்பித் திரும்பிடும்.
அந்தக் கைய நடுவுல தட்டி விடறதுதான் ஊசி."
கேட் வாட்ச்மேனைத் தெரிந்தவள் நான்,
புரிந்தது.
"சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கல.
ஏன்னு தேடித்தான் வயித்துக்குள்ள இறங்கியிருக்கோம்."

நமக்குச் செரிக்காத நாரை
அங்கே இருப்பவை தின்னுமாம்.
தின்று ஓர் அமிலம் விடுமாம்,
கெட்டுப்போன வெண்ணெய் வாசத்தில்.
அது ரத்தத்தில் ஏறிப் போய்
வெள்ளையணுவின் காதில் ஏதோ சொல்லுமாம்.
"எழுந்திருன்னு சொல்லுமா, அடங்குன்னா?"
பியூலா சிரித்தாள்.
"ரெண்டும் சொல்லுது. எப்போ எதுன்னுதான் தெரியல."

பிறகு படிவம். பதினான்காம் கேள்வி.
ஊசிக்கு முந்தின இரண்டு மாதத்தில் ஆன்டிபயாடிக் ஏதாவது?
பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
மெடிக்கல் கடையில் சீட்டில்லாமல் பத்து மாத்திரை,
சிவப்பும் மஞ்சளும்.
நான்தான் வாங்கினேன்.
மீதிச் சில்லறைக்கு ஒரு சாக்லேட் கொடுத்தான்.

இல்லையென்று சொல்ல வாய் திறந்து
ஆமாம் என்றேன்.

பேனா நிற்கவில்லை. டிக் போட்டாள்.
"அதனாலதான் எதுவும் ஆகும்னு சொல்ல முடியாது அக்கா."
நல்ல பெண். ஆறுதலுக்காகச் சொன்னாளா,
அறிவியலைச் சொன்னாளா,
திரும்பும் பஸ்ஸில் விசாரம் வரைக்கும் யோசித்தேன்.
மடியில் பெட்டியில்லை, கனம் மட்டும் இருந்தது.

முப்பத்தேழு இப்போது
மைனஸ் எண்பதில் இருக்கிறது.
பக்கத்துக் குழி முப்பத்தாறு,
லாட்ஜில் தங்கி, தமிழில் தயிர் வாங்கக் கற்றுக்கொண்ட
மால்டாக்காரருடையது.
ஒரு மொழியும் இல்லாதவை
இரண்டு ஊர்ச் சோற்றையும் நினைத்தபடி உறைந்திருக்கும்.

ராத்திரி முள்ளுக்கத்திரிக்காயும் கொள்ளும்.
பிடிக்காமலே தின்றார்.
"எனக்கா போடற? உள்ள இருக்கறவனுங்களுக்கு."
உப்பு ஜாடிக்குக் கை நீட்டினார்,
பழைய பழக்கம், ஒரு பிடி அள்ளும் கை.
அப்படியே நின்று என்னைப் பார்த்தார்.
"தேசம்மா, அவனுங்களுக்கு இது ஆவுமா?"

எனக்கெப்படித் தெரியும்.
ஒரு சிட்டிகை நானே போட்டேன்.

ஸ்கேன் வெள்ளிக்கிழமை, ஏழரைக்கு.
வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.
வெறும் வயிறாம்.