கோட்டு அறைக் கணக்கு

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி உறைந்து, அதன்மேல் பனி,
பனியின்மேல் லாரித் தடம்.
பழைய மீன் கிடங்குதான் இப்போது அரங்கம்.
வாடை போகவில்லை.
டிக்கெட்டில் அதற்குத் தனியாகக் காசும் இல்லை.

நான் மேடையைப் பார்த்ததே கிடையாது.
ஏழு குளிர்காலமாக இந்தக் கோட்டு அறையில்
கம்பளிக்கும் கம்பளிக்கும் நடுவே நிற்கிறேன்.
இசை எனக்குச் சுவர் வழியாக வரும்,
முதலில் முழங்காலுக்கு,
அப்புறம்தான் காதுக்கு.

எட்டு மணிக்கு ஐலி ராண்டலா.
கதவில் ஒட்டிய தாளில் பெயரில் ஓர் எழுத்து தப்பு.
தனி ஆள், ஒரு கிதார், காலால் மிதிக்கும் சின்ன முரசு.
என் கொக்கிகளில் இருநூற்றுப் பதினாறு கோட்டுகள்.
எல்லாம் ஒன்பதரைக்கு வரப்போகும்
நார்த் பையர் குழுவுக்காக வந்தவை.

"யார் இது?"
"யாரோ."
"எத்தனை பாட்டு பாடுமாம்?"
"தெரியாது. பியர் வாங்கு."

இரண்டாவது பாட்டில் தந்தி அறுந்தது.
அது எனக்கே கேட்டது.
யாரோ சிரித்தார்கள். ஒருவன் விசிலடித்தான்.
விசிலில் இரண்டு வகை உண்டு,
இது மற்றது.
ஆறு பேர் சிகரெட்டுக்காகக் கோட்டு கேட்டார்கள்.

மூன்றாவது பாட்டு ஐந்து தந்தியில்.
என்ன சொல்லிப் பாடினாள், தெரியாது.
சுவர் மெய்யெழுத்துகளைத் தன்னிடம் வைத்துக்கொண்டு
உயிரெழுத்துகளை மட்டுமே அனுப்பும்.
நீளமான ஓர் ஆ. பிறகு ஓ.
அந்த ஓ முடிகிற இடத்தில்
முரசு ஒன்று குறைவாக விழுந்தது.

புகைக்கப் போன ஆறு பேரும் திரும்பி வந்தார்கள்,
கோட்டைக் கழற்றித் தரவில்லை.
வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.
தோளிலிருந்த பனி உருகி
தரையில் ஆறு சின்னக் குட்டை.

பாட்டு முடிந்ததும் நாற்பத்தொன்றாம் எண் வந்தார்.
ரோஜர் பெஷூ, காகித ஆலைக்காரர்.
"இன்னும் அவங்களே வரலையே" என்றேன்.
"வரட்டும். இதுக்கு மேலே எதையும்
கொட்டிக்க வேண்டாம்னு இருக்கு."
டப்பாவில் இரண்டு டாலர் போட்டார்.

பிறகு நார்த் பையர்.
தரை குதித்தது, வெற்றுக் கொக்கிகள் கிலுகிலுத்தன,
கூட்டமே பாடியது,
பாடகனுக்கு வேலை இருந்ததா என்று சந்தேகம்.

பதினொன்றரைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில்:
பழைய பாட்டை எடுக்கவே இல்லை பார்த்தியா.
பாஸ் வயிற்றைக் கலக்கிடுச்சு.
ஆள் தடிச்சுட்டான்.
என் வாழ்க்கையிலேயே இதுதான், இதுதான்.
தொண்டை கட்டிப்போன பெண் ஒருத்தி
தன் எண்ணை விரலால் காட்டினாள்,
எட்டு, ஏழு, கண் சிவந்திருந்தது.
முன்னாடி பாடினவளா? நான் தூங்கிட்டேன்.
முன்னாடி பாடினாளே, அவ பேரு?
தப்பெழுத்துத் தாளைக் காட்டினேன்.

கடைசியாக அவளே வந்தாள்.
ஒரு கையுறையைக் காணோம்.
தொலைந்த பொருள் பெட்டியிலிருந்து
வேறு நிறத்தில் ஒன்று கொடுத்தேன்.
"கூட்டம் எப்படி இருந்தது?"
"நான் பார்க்கலை" என்றேன்.
"ஆனா மூணாவது பாட்டில்
யாரும் கோட்டு கேட்டு வரலை. ஏழு நிமிஷம்."
"தந்தி போச்சே, அதான் மெதுவா வாசிச்சேன்" என்றாள்,
ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல.

விளக்கணைக்கும்போது பார்த்தேன்,
கொக்கியில் ஒன்று மிச்சம்.
எண் நூற்றுப் பன்னிரண்டு, சாம்பல் நிறம், பையில் பாதி பிஸ்கட்.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
எந்தப் பாட்டில் எழுந்து போனாரோ,
கணக்கில் இல்லை.