இரண்டு மணிப் படம்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் தாண்டி
மாவு மில்லுக்கு மேலே ஒற்றை அறை.
சங்கு டிவி.
கீழே மிளகாய் அரைத்தால்
மேலே செய்தி வாசிப்பவர் தும்முவார்.

மூடிப்போன ஆலையின் சங்கை நினைத்து
நாகபூஷணம் வைத்த பெயர்.
சங்குக்கு இன்னொரு அர்த்தம் உண்டென்று
யாரும் அவருக்குச் சொல்லவில்லை.
போன ஆடியில் விற்றார்,
தள்ளுபடியில்.

வாங்கியவர் எத்திராஜ்.
கேன் தண்ணீர், வட்டி,
மீஞ்சூருக்கு அந்தப் பக்கம் முளைக்குச்சி அடித்த மனைகள்.
முதல் நாள் கேமராவுக்குக் கற்பூரம் காட்டினார்.
ஏசி ரிமோட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
"நூத்துக்கு நூறு இப்ப என்னுது.
மத்தியானம் யார்மா பாக்குறா?
காலி டைம். வித்துடு."

காலி.
பதினோரு வருடமாக
அந்தக் காலியை நிரப்பியவள் நான்.

ராத்திரியெல்லாம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன்,
ஸ்டான்லியில் வார்டு பார்த்தவள்,
கரை தொட்டு மீன் இறக்கிவிட்டு வந்தவன்
எல்லாரும் தூங்குவது அப்போதுதான்.
பத்துக்குப் பத்து வீடு.
தூங்குகிறவர் தலைமாட்டில்தான் டிவி,
டிவிக்குப் பக்கத்தில்தான் அடுப்பு.
ஒருநாள் கல்மண்டபத்திலிருந்து ஒருத்தி கூப்பிட்டாள்:
"அக்கா, சண்டை இல்லாத படமா போடேன்.
இவரு இப்பத்தான் கண்ணசந்தாரு."

அன்றிலிருந்து என் நோட்டில்
படம் நல்லதா கெட்டதா என்ற கணக்கு கிடையாது.
எத்தனை அறை விழுகிறது,
ரயில் எந்த நிமிடத்தில் கூவுகிறது,
கதாநாயகி எங்கே வீறிடுகிறாள்,
அவ்வளவும் பென்சிலில்.
கிளைமாக்ஸில் கிடங்கு வெடிக்குமானால்
அதற்கு முன்பே
"தொழில்நுட்பக் கோளாறு, வருந்துகிறோம்."
வருந்தியதில்லை.
எங்கள் வட்டாரத்தில் பல வில்லன்கள்
இன்னும் சாகாமல் இருக்கிறார்கள்.

இப்போது இரண்டு மணிக்கு ராசிக்கல் ஜோசியர்.
விரலுக்கு இரண்டு மோதிரம்.
கப்பல் கிளம்புவது போல் ஒரு குரல்.
நடுநடுவே எத்திராஜின் மனை,
மனைக்கு ஒரு தென்னங்கன்று இலவசம்.

நான் செய்தது சின்ன விஷயம்.
மிக்ஸரில் ஒரு குமிழ்.
சரியாக இரண்டுக்கு அதைக் கீழே இறக்கினேன்.
தொட்டிக்குள் மீன் போல
ஜோசியர் வாயை மட்டும் திறந்து மூடினார்.

"இன்னாமா, சவுண்டு வரல?"
"லைன் பிராப்ளம் சார்.
தண்டையார்பேட்டைல ரோடு தோண்டுறாங்க."
எப்போதுமே தோண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.
நம்பிவிட்டார்.

மூன்று நாள்.
நூற்றுக்கு நூறு அவருடையது,
குமிழ் என்னுடையது.
ஏசி இல்லாத அறையில்
வேர்த்தபடி கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நான்காம் நாள் மூன்று மணிக்கு
கல்மண்டபத்துக் குரல்.
ரகசியம் பேசுவது போல். பின்னால் குறட்டை.
நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று
நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அக்கா, மூணு நாளா சத்தமே இல்ல.
மீன ராசிக்கு இன்னா சொன்னாரு?
இவரு நாளைக்கு தங்கலுக்குப் போறாரு.
பத்து நாளு."

நான் கேட்கவில்லை.
யாரும் கேட்காதபடி செய்தவளே நான்தான்.
வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம்,
நல்லாருக்கும்மா, போகட்டும் என்று.
நாக்கு வரை வந்தது.
கடலுக்குப் போகிற ஆள்.

"கொஞ்சம் இரும்மா."
ஃபோனை மேசையில் வைத்துவிட்டு
பதிவை ஆரம்பத்துக்கு ஓட்டினேன்.
ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.
மேஷத்துக்குக் கத்தினார்.
ரிஷபத்துக்குக் கத்தினார்.
கடகத்துக்கு முன்னால் ஒரு தென்னங்கன்று.
கீழே மில் ஓடத் தொடங்கியது.

மீனம் எப்போதும் கடைசியில்தான் வரும்.
அதுவரைக்கும்
அவள் லைனிலேயே இருந்தாள்,
அவன் குறட்டையோடு.